பச்சை உடம்புக்கு ஓர் உடுப்பு

1900-ஆம் ஆண்டில் ஹெர்மன் ஃபன்னன்ஷ்டீல் என்ற ஜெர்மானிய மருத்துவர் அடிவயிற்றைக் கீறுவதற்கு ஒரு வழியை எழுதி வெளியிட்டார். தொப்புளுக்குக் கீழே நெடுக்காக இறங்கிக்கொண்டிருந்த கத்தி அவர் சொன்னபடி குறுக்கே திரும்பியது. இடுப்பெலும்பு முன்பக்கம் கூடுமிடத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே, தோல் தானாக மடியும் கோட்டில் கீறுவது அவர் முறை. பின்னால் குடலிறக்கம் வரும் ஆபத்து குறைந்தது, தழும்பும் வெளியே தெரியவில்லை. இன்று சிசேரியன் என்றால் பெரும்பாலும் அந்தக் கோடுதான், அல்லது அதற்குச் சற்று மேலே ஒரு கோடு. தழும்பு மறைவதற்கு வாகான இடம். உள்ளாடையின் எலாஸ்டிக் உட்காருவதும் அங்கேதான்.

தழும்பை மறைக்கும் இடம் புண் ஆறுவதற்குத் தோதாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. சாதாரண ஜட்டியின் இடுப்புப் பட்டி தையலின்மேல் ஏறி உட்காரும். உட்கார்ந்தால் அழுத்தும், எழுந்தால் உரசும், வியர்த்தால் ஈரத்தைத் தேக்கி வைக்கும். முதல் வாரத்தில் பெண்கள் நைட்டிக்குள் என்ன போடுவது, பேடை எதில் நிறுத்துவது என்று தெரியாமல் கால்களை ஒட்டி ஒட்டி வைத்து நடப்பதற்குப் பாதிக் காரணம் வலி, மீதிக் காரணம் இது. தமிழ்நாட்டில் இது சிறு கூட்டத்தின் தொல்லை இல்லை. 2019–21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே நடந்த பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். இந்திய அளவில் அது 21.5. அந்த எண் ஏன் இவ்வளவு ஏறியது என்பது வேறொரு கட்டுரை, வேறொரு கோபம். கீறலுக்குப் பிறகு அந்த உடம்பின்மேல் என்ன துணி விழுகிறது என்பதோடு நான் நின்றுகொள்கிறேன். அந்தத் துணியை யோசித்து, வெட்டி, தைத்து, பெட்டியில் போடும் ஊரில் வேலை பார்ப்பவள் நான்.

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் என்றால் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற ஆள். பிரசவத்துக்குப் பிந்தைய உள்ளாடை என்று முதன்முதலில் பையர் அனுப்பும் விவரக் கட்டான டெக் பேக் ஒன்று கைக்கு வந்தபோது அதைப் புரட்டப் புரட்ட எனக்கு ஒரு குழப்பம். ஒரு பக்கத்தில் தையல் புண்ணைத் தொடாத உயரமான இடுப்பு, மென்மையான துணி, அகலமான அடிப்பாகம் என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தில் வயிற்றை உள்ளே இழுக்கும் இரட்டைப் பேனல், இடையை ஒடுக்கிக் காட்டும் கட், மெலிந்த தோற்றம். படத்தில் இருந்த பெண்ணின் வயிறு பிள்ளை பெற்ற வயிறே இல்லை. அந்தக் காகிதக் கட்டுக்குள் இரண்டு உடுப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒன்று ஆறுவதற்கு, மற்றொன்று ஒளிப்பதற்கு. அதற்குப் பிறகு இந்த வகையில் பார்த்த எல்லாவற்றிலும் இதே இழுபறிதான். துணியிலும் எலாஸ்டிக்கிலும் லேபிளிலும் ஏதாவது ஒன்றுதான் ஜெயிக்கும். பெரும்பாலும் ஒளிப்பதுதான் ஜெயிக்கிறது.

உடம்பின் கணக்கைப் பார்த்தால் ஏன் இரண்டும் ஒத்துப்போகாது என்பது விளங்கும். பிள்ளை வெளியே வந்த உடனே கர்ப்பப்பை ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். அதன் மேல்விளிம்பு தொப்புள் அளவில் நிற்கும். நாளுக்கு ஒரு விரல் அளவு அது கீழே இறங்கி, பத்துப் பதினான்கு நாளில் இடுப்பெலும்புக்குள் போய்விடும். ஆறு வாரத்தில் அறுபது எழுபது கிராமுக்கு வந்து நிற்கும். பிரசவத்துக்குப் பிந்தைய கசிவு முதலில் ரத்தச் சிவப்பு, பிறகு வெளிறிய செம்மை, பிறகு வெண்மை. அது முழுதும் நிற்க நான்கு முதல் ஆறு வாரம். வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைப் பட்டைகளும் கர்ப்பத்தின் கடைசியில் அனேகமாக எல்லாப் பெண்களுக்கும் விலகியிருக்கும். அவை நெருங்கி வர மாதங்கள் ஆகும். சிலருக்கு முழுதாக நெருங்குவதே இல்லை. நம் பாட்டிகள் பச்சை உடம்பு என்றார்கள். நேற்று வெட்டிய மரத்தைப் பச்சை என்று சொல்வதைப் போல.

ஆடைத் தொழில் இப்படிப்பட்ட உடம்பை அறியாது. அளவு அட்டவணை எதுவாக இருந்தாலும் அளந்த உடம்பு நாளையும் அதே அளவில் இருக்கும் என்று நம்புகிறது. நம் நாட்டுக்கென்று ஓர் அளவு அட்டவணை வேண்டும் என்று தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட் ஆறு நகரங்களில் இருபத்தையாயிரம் பேரைக் கணினிக் கருவியால் அளக்கும் திட்டம் போட்டது. நல்ல காரியம். ஆனால் அப்படி வரும் அட்டவணையும் நிற்கிற உடம்பின் அட்டவணைதான். இங்கே தேவைப்படுவது திங்களன்று ஓர் அளவும் அடுத்த திங்களன்று வேறோர் அளவுமாக இருக்கிற உடம்புக்கான உடுப்பு. அதற்கு எம், எல், எக்ஸ்எல் என்று வரிசை கட்டுவது போதாது. ஒரே உருப்படி பல அளவாக மாற வேண்டும்.

அந்த வேலையைப் பழைய வேட்டி செய்தது. பிள்ளை பெற்றவளை வெந்நீரில் குளிப்பாட்டி, படுக்க வைத்து, துவைத்துத் துவைத்துப் பதமான வேட்டியை இடுப்பிலிருந்து மேலாக இறுக்கிச் சுற்றிக் கட்டுவார்கள். எங்கள் வீட்டில் மடித்த துணி ஒன்றை அடிவயிற்றில் வைத்து அதன்மேல் கட்டுவது வழக்கம். வயிறு தொங்கிவிடும், காற்று புகுந்துவிடும் என்று காரணம் சொல்வார்கள். காற்று எங்கும் புகாது. ஆனால் சொன்ன காரணம் தவறு என்பதால் செய்த வேலையும் தவறு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வேட்டிக்கு இழுவை கிடையாது. மாறாக, கட்டுகிற கைக்கு உண்டு. நேற்று எவ்வளவு இறுக்கினோம், இன்று வயிறு எவ்வளவு இறங்கியிருக்கிறது, இவள் மூச்சு வாங்குகிறாளா, முகம் சுளிக்கிறாளா என்று பார்த்துப் பார்த்து அந்தக் கை ஒவ்வொரு நாளும் அளவை மாற்றியது. மலேசியாவில் பெங்குங் என்று நீளத் துணியை முடிச்சு முடிச்சாகச் சுற்றுவதும், லத்தீன் அமெரிக்காவில் ஃபாஹா கட்டுவதும் இதே குடும்பம்தான். அதில் ஒரு கொடுமையும் இருந்தது. முகம் சுளிப்பதைப் பொருட்படுத்தாத கைகளும் உண்டு. இறுக்க இறுக்க நல்லது என்று நம்பிய கைகளும் உண்டு. சிசேரியன் தையலின்மேல் வேட்டி கட்டலாமா என்று கேட்டால் அந்தக் கைகளுக்குப் பதில் தெரியாது. அவர்கள் காலத்தில் அந்தத் தையல் அரிது.

கடையில் விற்கும் வயிற்றுப் பெல்ட்டில் அந்தக் கைக்குப் பதில் வெல்க்ரோ இருக்கிறது. நாயின் ரோமத்தில் ஒட்டிய முள்காயைப் பார்த்து ஸ்விஸ் பொறியாளர் ஜார்ஜ் தெ மெஸ்ட்ரால் 1940-களில் யோசித்தது, 1955-இல் காப்புரிமை பெற்றது. நாளுக்கு நாள் அளவை மாற்ற அது வசதி. ஆனால் அதை வைத்துத் தைத்து, பிள்ளை பெற்ற பெண் ஒருத்தியிடம் கொடுத்துப் பார்த்தால் உடனே குறைகள் தெரியும். முள் பக்கம் ஓரம்வரை வந்தால் தொடையைக் கீறும், நைட்டி நூலைப் பிடித்து இழுக்கும். பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு அடைத்துக்கொண்டு பிடிமானம் போய்விடும். நாங்கள் யாரும் யோசிக்காத ஒன்றை அணிந்தவள்தான் சொன்னாள். இரவில் அதைப் பிரிக்கும் சத்தத்துக்கு, அப்போதுதான் தூங்கின பிள்ளை எழுந்துவிடுகிறது. டெஸ்ட் ரிப்போர்ட் எதிலும் சத்தம் என்று ஒரு கட்டம் கிடையாது. பிறகு நாங்கள் ஹூக் வரிசைகளுக்கு மாறினோம். மூன்று வரிசை, நாள் ஏற ஏற உள்வரிசைக்கு மாற்றிக்கொள்ளலாம். செலவு கூடியது. பையர் முனகினார்.

இறுக்கிக் கட்டினால் என்ன பலன்? சிசேரியனுக்குப் பின் வயிற்றுப் பட்டி அணிந்தவர்களுக்கு வலி குறைந்தது, சீக்கிரம் எழுந்து நடந்தார்கள் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்கிற ஆய்வுகளும் உண்டு. கர்ப்பப்பையை அது சுருக்காது. அது சுருங்குவது உடம்பின் உள்வேலை, பால் கொடுக்கும்போது சுரக்கும் ஆக்ஸிடோசினின் வேலை. விலகிய தசையைப் பட்டி தைத்து ஒட்டிவிடாது. இருமும்போதும் தும்மும்போதும் எழுந்திருக்கும்போதும் தையலை ஒரு கை தாங்கிப் பிடித்த மாதிரி இருக்கும். அவ்வளவுதான் அது தருவது. அந்த அவ்வளவும் பெரிய விஷயம். சிசேரியன் ஆனவள் எழுந்திருக்கும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதைத் தாண்டி இறுக்கினால் உள்ளே இருக்கும் அழுத்தம் போக்கிடம் இல்லாமல் கீழே இறங்கும். ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடுப்புத்தளத் தசைகள் அதைத் தாங்க வேண்டும். இயன்முறை மருத்துவர்கள் எச்சரிப்பது இதைத்தான். ஆக, தாங்குவதற்கும் ஒடுக்குவதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. ரத்தநாளக் காலுறைக்கு எத்தனை மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் என்று வகுப்பு வாரியாகக் கணக்கு உண்டு. வயிற்றுப் பட்டிக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அப்படி ஒரு கணக்கு இல்லை. கோடு எங்கே என்பதை ஒவ்வொரு கம்பெனியும் எலாஸ்டிக் வாங்கும் மேசையில் தீர்மானிக்கிறது.

அந்த மேசையில் எங்களுக்குப் பாடம் நடத்தியவர் லாப்லாஸ், இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய பிரெஞ்சுக் கணிதர். வளைந்த பரப்பின்மேல் இழுத்துக் கட்டிய ஒன்று தரும் அழுத்தம், இழுவிசையை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். வளைவு கூர்மையாக இருந்தால் ஆரம் சிறியது, அழுத்தம் அதிகம். பரப்பு தட்டையாக இருந்தால் ஆரம் பெரியது, எவ்வளவு இழுத்தாலும் அழுத்தம் கொஞ்சம்தான். இதைப் பெண்ணின் இடுப்பில் வைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் இடுப்பெலும்பின் முனைகள் கூர்மையான வளைவு. நடுவில் அடிவயிறு, படுத்தால் தட்டை. இழுவை கூடிய பட்டியைச் சுற்றிக் கட்டினால் அது எலும்பு முனைகளைக் கடித்துச் சிவப்புத் தடம் போடும், தாங்க வேண்டிய நடுப்பகுதியைச் சும்மா மூடிக்கொண்டு கிடக்கும். எலாஸ்டிக்கின் பலத்தைக் கூட்டினால் கடி கூடும், தாங்கல் கூடாது. எங்கள் முதல் சாம்பிள்கள் எல்லாவற்றுக்கும் இதே கதி. வழி, நடுவில் மெத்தென்ற ஒரு பேடை வைத்து அந்த இடத்தை வளைவாக்குவது, பக்கவாட்டில் இழுவையைக் குறைப்பது. இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோதுதான் வேட்டிக்கு அடியில் வைத்த அந்த மடித்த துணி எதற்கு என்று எனக்கு விளங்கியது. காற்றைப் பற்றி அவர்கள் சொன்னது பொய்யாக இருக்கலாம், லாப்லாஸைப் பற்றி அவர்கள் கை சொன்னது சரி.

இழுவை தரும் நூலின் கதையையும் சொல்லிவிட வேண்டும். நாம் லைக்ரா என்று வழங்குகிற ஸ்பான்டெக்ஸ் நூலை 1958-இல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில் ஜோசப் ஷைவர்ஸ் உருவாக்கினார். அவர்கள் தேடியது பெண்களின் இடையை ஒடுக்கும் கச்சைகளில் இருந்த ரப்பருக்கு ஒரு மாற்று. விளையாட்டு உடையெல்லாம் பிற்பாடு. பிறவியிலேயே ஒடுக்குவதற்கென்று வந்த நூலை வைத்துக்கொண்டு, ஒடுக்காத உடுப்பு செய்யப் பார்க்கிறோம். நூலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எத்தனை விழுக்காடு போடுகிறோம் என்பதில்தான் நம் எண்ணம் வெளிப்படும். சிங்கிள் ஜெர்சி என்ற பனியன் துணியில் ஐந்தாறு விழுக்காடு இருந்தால் துணி உடம்போடு போகும், உடம்பைப் பிடித்து வைக்காது. பவர் நெட் என்ற இறுக்கமான வலைத்துணியில் இருபதைத் தாண்டினால் அது கச்சைதான், பெயர் என்ன வைத்தாலும்.

ஃபிட் பார்ப்பது இந்த வகையில் தனித் துன்பம். எங்கள் பேட்டர்ன் மாஸ்டர் கொங்கு ஊர்க்காரர், பேச்சுக் குறைவு. டம்மிக்கு மாட்டிய சாம்பிள் கச்சிதமாக இருக்கிறது என்று நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, “அம்மிணி, பொம்மைக்கு வயிறு மடியாதுங்க. மடியற வயித்துக்கு வெட்டோணும்னா மடியற வயித்தப் பாக்கோணும்ங்க” என்றார். டம்மி உட்காராது, குனியாது, பால் கொடுக்காது. ஃபிட் மாடலாக வரும் பெண்கள் பிள்ளை பெற்று ஒரு வாரம் ஆனவர்களாக இருக்க மாட்டார்கள், இருக்கவும் கூடாது. அந்த வாரத்தில் ஒருத்தியைக் கூப்பிட்டு இதைப் போட்டுக் காட்டு என்று கேட்க எந்தத் தொழிலுக்கும் உரிமை இல்லை. கடைசியில் எங்கள் கம்பெனியில் செக்கிங்கில் இருந்து பிரசவத்துக்குப் போன பெண் ஒருத்தி, தானாகவே, கொடுங்கள் போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி அம்மா வீட்டுக்கு வாங்கிப் போனாள். சில வாரம் கழித்து போனில் சொன்னாள்: “நிக்கும்போது நல்லாத்தான் இருக்குதுக்கா. ராத்திரி பால் குடுக்க உக்காந்தா மேல்பட்டி மடங்கி மடங்கிக் கயிறாட்டம் ஆயிருது. அப்புறம் அதுதான் குத்துது.”

பட்டி சுருள்வது இந்த உடுப்பின் தீராத நோய். வயிறு மென்மையாக இருக்கும்போது உட்கார்ந்தால் அது மடியும். நெடுக்கு விறைப்பு இல்லாத பட்டி அந்த மடிப்புக்குள் இழுக்கப்பட்டுச் சுருண்டு ஒரு கோடாகிவிடும். ஒரு கோட்டில் எல்லா இழுவையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மறுபடி லாப்லாஸ் வேண்டாம், பாவாடை நாடா கட்டிய எல்லோருக்கும் தெரியும். விறைப்புக்கு பிளாஸ்டிக் குச்சி வைத்தால் அது விலாவைக் குத்தும். உள்ளே சிலிக்கான் பட்டை ஒட்டினால் நழுவாது, ஆனால் வியர்வையில் சிலர் தோலுக்கு ஒவ்வாது. மாஸ்டர் செய்தது எளிய காரியம். மேல்விளிம்பில் எலாஸ்டிக்கையே எடுத்துவிட்டார். பட்டியை விலாவுக்குக் கீழே முடியும்படி உயர்த்தி, துணியை இரண்டு மடிப்பாக்கி, ஓரத்தைத் தைக்காமல் மடிப்பாகவே விட்டார். பிடிமானம் முழுத் துணியிலும் பரவியது. சாம்பிளைப் பார்த்த பையர் ஆபீஸிலிருந்து வந்த கேள்வி: இடை எங்கே? இந்த உடுப்பில் இடை தெரியவில்லையே.

அடிப்பாகத்தின் நிறம் பற்றி எங்களுக்குள் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. பிரசவ உள்ளாடை பெரும்பாலும் கறுப்பில்தான் விற்கிறது, கறை தெரியாது என்பதால். கறை தெரியக் கூடாது என்பது அந்தப் பெண்ணின் கூச்சத்தைக் காப்பது, எனக்கும் அது புரிகிறது. ஆனால் பிரசவத்தில் தாய்மார் இறப்பதற்கு உலகெங்கும் முதன்மையான காரணம் ரத்தப்போக்கு. முதல் நாளோடு ஆபத்து தீர்ந்துவிடுவதும் இல்லை. வாரங்கள் கழித்தும் வரும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுதும் நனைந்தால், வெளிறிய கசிவு மறுபடி சிவப்பானால், கட்டி கட்டியாகப் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டும். கறுப்புத் துணி பேடைத் தாண்டிக் கசிந்ததைக் காட்டாது. வெளியே எந்த நிறமும் இருக்கட்டும், உள் அடிப்பாகம் மட்டும் சாயம் ஏற்றாத வெள்ளைப் பருத்தியாக இருக்கட்டும் என்று நான் நின்றேன். விற்பனைப் படத்தில் நன்றாக இருக்காது என்றார்கள். விற்பனைப் படத்தை உள்பக்கம் திருப்பி எடுப்பதில்லையே என்றேன். இந்த ஒன்றில் ஜெயித்தேன், ஒரு ஆர்டருக்கு மட்டும்.

மற்ற படிகளை வேகமாகச் சொல்லிவிடலாம். அவை எந்தப் பனியனுக்கும் உள்ளவைதான். நூல் வாங்கி, நிட்டிங் ஓட்டி, லைக்ரா கலந்த துணி என்பதால் ஸ்டென்டரில் சூடு கொடுத்து நிலைப்படுத்தி, சாயப்பட்டறைக்கு அனுப்பி, வந்ததை விரித்து ஒருநாள் இளைப்பாற விட்டுத்தான் கட்டிங். அவசரப்பட்டு வெட்டினால் வெட்டிய பிறகு துணி சுருங்கி, எல் சைஸ் எம் ஆகிவிடும். நொய்யல் ஆறு கெட்டு, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறையில்தான் இங்கே சாயம். அதனால் சாயச் செலவு அதிகம், சின்ன லாட் எடுக்க யாரும் தயாரில்லை. ஒரு உருப்படிக்கு நூறு கிராம் துணி என்றால் முந்நூறு கிலோ லாட்டில் மூவாயிரம் உருப்படி. புதிதாக யோசிக்கிற சின்ன ஆள் இந்த வாசலிலேயே நின்றுவிடுகிறார். மூங்கில் துணி என்று ஒன்றைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அது மூங்கில் கூழைக் கரைத்து எடுத்த விஸ்கோஸ். மென்மை உண்மை, மற்ற மகிமைகள் லேபிள் எழுதுபவரின் கற்பனை. தையலில் ஒன்று மட்டும் முக்கியம். ஓவர்லாக் அடித்தால் உள்ளே முகடு நிற்கும், பச்சைப் புண்ணுக்கு அது அரம். துணி விளிம்புகளைத் தட்டையாகச் சேர்க்கும் மெஷினில் அடிக்க வேண்டும். அந்த மெஷினும் அதற்குப் பழகிய டெய்லரும் எல்லாக் கம்பெனியிலும் கிடையாது. துணியில் தீங்கான வேதிப்பொருள் இல்லை என்று காட்ட, குழந்தைத் துணிக்குக் கேட்கிற ஓகோ-டெக்ஸ் முதல் வகுப்புச் சான்றைத் தாயின் துணிக்குக் கேட்பதில்லை, அதற்கு இரண்டாம் வகுப்பு போதும் என்பது வழக்கம். பிள்ளை முகம் புதைப்பது அந்தத் துணியில்தான் என்பது வகுப்புப் பிரித்தவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு பதிவேட்டைப் பற்றிச் சொல்ல ஆசை. ஏற்றுமதிக் கம்பெனிகளில் மெஷின் ஊசி உடைந்தால் டெய்லர் அப்படியே வேலையை நிறுத்த வேண்டும். உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து, சேர்த்து வைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, தேதியோடு பதிவேட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அருகில் இருக்கும் பீஸ்கள் எல்லாம் தனியே போகும். கடைசியில் பெட்டி கட்டுமுன் எல்லாம் நீடில் டிடெக்டருக்குள் போய் வரும். இந்தக் கெடுபிடி குழந்தை உடுப்புகளில் அதிகம். பிரசவ உள்ளாடைக்கும் அதே கெடுபிடி வேண்டும் என்று ஒரு டெய்லரிடம் சொன்னபோது, “தையல் போட்ட வயித்துல ஊசி குத்துனா யாருக்குங்க பாவம்?” என்று அவளே கேட்டாள். விதி எழுதிக் கொடுக்கத் தேவைப்படவில்லை.

லேபிளில் வந்துதான் எல்லாம் கெடும். வலி குறைக்கும், தாங்கும் என்று எழுதினால் உடுப்பு மருத்துவக் கருவி ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் வயிற்றுப் பட்டிக்கு முதல் வகுப்புக் கருவி என்று தனிப் பிரிவே உண்டு. இந்தியாவிலும் 2020 முதல் மருத்துவக் கருவிகள் எல்லாம் மருந்துச் சட்டத்தின் பார்வைக்குள் வந்துவிட்டன. அதற்குரிய பதிவும் பொறுப்பும் உண்டு. மெலிந்து தெரிவீர்கள் என்று எழுதினால் ஒன்றுமில்லை, வெறும் ஆடை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஆறுவதைப் பற்றி உண்மை பேசினால் கேள்வி வரும், அழகைப் பற்றிப் பொய் பேசினால் வராது. ஒளிக்கும் உடுப்பு ஏன் ஜெயிக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான காரணம் எனக்குத் தெரியவில்லை. பிள்ளை பெற்ற மூன்றாம் வாரத்திலேயே வயிறு இன்னும் குறையவில்லையே என்று கேட்கிற சொந்தக்காரர்கள் இருக்கும்வரை அந்தப் பொய்க்கு விளம்பரச் செலவும் கிடையாது.

இதைத் தைக்கிற பெண்கள் யார் என்று பார்த்தால், ஓவர்லாக் டெய்லரும் ஃபிளாட்லாக் டெய்லரும் பீஸ் மடித்துக் கொடுக்கும் கைமடியும் செக்கிங்கும் பிசிர் வெட்டுகிறவர்களும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், பிரசவமான பெண்ணை அடுத்த ஆறு வாரத்துக்குத் தெரிந்தே வேலைக்கு வைக்கக் கூடாது என்று விதித்தது. கர்ப்பப்பை பழைய நிலைக்கு வரும் அதே ஆறு வாரம். 2017-இல் சம்பளத்தோடு கூடிய விடுப்பு 26 வாரம் ஆயிற்று. இதெல்லாம் பேர் ரிஜிஸ்டரில் இருப்பவளுக்கு. கான்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவளின் பேர் எந்த ரிஜிஸ்டரில் இருக்கிறது என்று தேடினால் பெரும்பாலும் கான்ட்ராக்டரின் பாக்கெட் நோட்டில்தான் இருக்கும். அவள் தாங்கும் வரையில் தைக்கிறாள், முடிந்த சீக்கிரம் திரும்பி வருகிறாள், முதுகுச் சாய்மானம் இல்லாத ஸ்டூலில் ஒன்றரை ஷிப்ட் உட்காருகிறாள். அவள் தைத்த உடுப்பு கடல் தாண்டிப் போய், அவள் ஒரு வாரம் உழைத்தாலும் வாங்கத் தயங்குகிற விலைக்கு விற்கிறது. எங்களுக்கு போனில் யோசனை சொன்ன செக்கிங் பெண்ணுக்குக் கொடுத்தது ரிஜெக்ட் ஆன சாம்பிள்.

இந்த ஊரிலேயே தைத்து இந்த மாநிலத்திலேயே கொடுத்தால் என்ன? 2015-இல் அரசு மருத்துவமனைகளில் பிரசவிக்கும் தாய்மாருக்கென்று ஒரு பரிசுப் பெட்டகம் வந்தது. ஆயிரம் ரூபாய் மதிப்பு, பதினாறு பொருள்கள். துண்டு, சட்டை, மெத்தை, கொசுவலை, எண்ணெய், நகவெட்டி, கிலுகிலுப்பை எல்லாம் பிள்ளைக்கு. தாய்க்கென்று சோப்பு, கை கழுவும் திரவம், சௌபாக்கிய சுண்டி லேகியம். லேகியம் வைக்க யாருக்கோ தோன்றியதே என்று எனக்கு மகிழ்ச்சிதான். பிள்ளை பெற்ற உடம்பின் உள்ளே போவதை யோசித்தவர்கள் மேலே போடுவதை யோசிக்கவில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு ஒன்பது லட்சம் பிள்ளைகள் பிறக்கின்றன. அந்த எண்ணிக்கைக்கு எந்தச் சாயப்பட்டறையும் லாட் சின்னது என்று சொல்லாது. பருத்தி-லைக்ராவில், தனிப் பெட்டி எதுவும் இல்லாமல், ஒரு உள்ளாடை நூறு ரூபாய்க்குள் முடியும் என்பது என் காஸ்டிங்.

பெட்டகத்தின் பட்டியலை அடுத்த முறை திருத்துகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். தாய்க்கு இரண்டு உள்ளாடை சேருங்கள். டெண்டரில் இந்த நிபந்தனைகளைப் போடுங்கள்: இடுப்புப் பட்டி தையல் கோட்டுக்கு மேலே, விலாவுக்குக் கீழே முடிய வேண்டும். எலாஸ்டிக் புண்ணைத் தொடக் கூடாது. உள் அடிப்பாகம் வெள்ளைப் பருத்தியாக, பெரிய பேட் நிற்கும் அகலத்தில் இருக்க வேண்டும். அளவு எக்ஸ்எல்லோடு நின்றுவிடக் கூடாது. கூடவே ஒரு சீட்டில், ரத்தப்போக்கு எப்படி இருந்தால் மருத்துவமனைக்கு ஓடி வர வேண்டும் என்று நான்கு வரி அச்சடித்து வையுங்கள். இடையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.